முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போகுமுன்

புலம்பெயர்ந்த நாடுகளில் இருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பும் நண்பர்கள் சில காலமாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டு எழுதுகிறார்கள். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ தங்கியிருந்துகொண்டு பிள்ளைகளை ஒருநாள் கடற்கரைக்கு அழைத்துச் செல்வதானால் எங்கே போகலாம், எந்த வழியால் போகலாம், எந்த மாதம் நல்லது? முல்லைத்தீவுக்குப் போங்கள் என்றே நான் பதில் எழுதுவது வழக்கம். ஆயினும் மூன்று வரிப் பதிலில் அந்தக் கேள்வி முடிவதில்லை. கடற்கரை எல்லோருக்கும் பொதுவானது என்று நாம் இயல்பாகச் சொல்லிவிடுகிறோம். முல்லைத்தீவில் அந்த இயல்பு கடந்த நாற்பது ஆண்டுகளில் மிகக் குறுகிய காலமே நிலவியது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு போகிறவர் வேறொரு கடற்கரையைக் காண்பார்.

முதலில் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி தொடக்கம் தை வரை வாடைக்காற்று வீசும் மாதங்கள். அப்போது கடல் கொந்தளிக்கும். அலை கரையை அரித்துக்கொண்டு நிற்கும். நீச்சல் தெரிந்தவரும் இறங்கக்கூடாது. பங்குனிக்குப் பிறகு கடல் மெல்ல அடங்கும். கரைவலை இழுக்கும் காட்சியைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவோருக்கும் அதன் பின்வரும் மாதங்களே உகந்தவை. எனினும் எக்காலத்திலும் எங்கே இறங்கலாம், எங்கே ஆழம் திடீரெனக் கூடும் என்பதை வள்ளத்தருகே நிற்கும் மீனவர் ஒருவரிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள்.

வழி இரண்டு. தெற்கிலிருந்து வருவோர் ஏ 9 வீதியில் மாங்குளம் சந்தியில் கிழக்கே திரும்பி, ஒட்டுசுட்டான், முள்ளியவளை, தண்ணீரூற்று ஊடாக நகரை அடையலாம். ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் கற்சிலைமடு உண்டு. பண்டாரவன்னியனைக் கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்ரோபர் 31ஆம் திகதி தோற்கடித்ததாகக் கூறும் கல்லொன்றை ஆங்கிலேயர் நாட்டியது அங்கேதான். அதே ஆண்டில்தான் முல்லைத்தீவுக் கோட்டையைப் பண்டாரவன்னியனின் படை தாக்கிக் கைப்பற்றியிருந்தது. ஒல்லாந்தர் கட்டிய அந்தக் கோட்டை 1795இல் ஆங்கிலேயர் வசமாகியிருந்தது. காடு சூழ்ந்த வன்னிக்குக் கடல்வழி வாசலாக இருந்த இந்தக் கரையை யார் வைத்திருக்கிறார்களோ அவர்களே வன்னியை ஆளலாம் என்ற கணக்கு அன்றே தொடங்கிவிட்டது. பின்வந்த படைகளும் அதே கணக்கைத்தான் போட்டன.

கிளிநொச்சியிலிருந்து வருவோருக்கு இரண்டாவது வழி பரந்தன் சந்தியில் தொடங்கும் ஏ 35 வீதி. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, வள்ளிபுனம், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் என்று ஊர்கள் வரும். வாகனத்தில் இருந்தபடி இந்தப் பெயர்ப்பலகைகளை வரிசையாக வாசித்துக்கொண்டு வாருங்கள். 2009 ஜனவரி முதல் மே வரை இலட்சக்கணக்கான மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் பெயர்ந்த பாதையின் ஒழுங்கு ஏறக்குறைய இதுவே. நாட்டின் எந்தச் சுற்றுலா வழிகாட்டியிலும் இந்த ஒழுங்கு குறிக்கப்படுவதில்லை. பிள்ளைகள் கேட்டால் சொல்ல வேண்டியது பெற்றோரின் கடமை. வட்டுவாகல் பாலத்தில் ஒருபக்கம் நந்திக்கடல், மறுபக்கம் பெருங்கடல். போரின் கடைசி நாள்களில் மக்கள் வெளியேறியது இதன் வழியாகவே. நெடுங்காலம் சிதைந்து கிடந்த பாலத்துக்குப் பதிலாகப் புதியதொன்றைக் கட்டும் வேலை 2025 செப்ரெம்பரில் தொடக்கிவைக்கப்பட்டது.

இனி அந்தக் குறுகிய காலத்துக்கு வருகிறேன். போர் தொடங்கிய பின்னர் இராணுவ முகாம் நகரத்தையே விழுங்கிக் கொண்டு வளர்ந்தது. மக்கள் உட்புறக் கிராமங்களுக்குப் பெயர்ந்தனர். நகரத்தவர்க்கு நகரத்தின் கடற்கரை எட்டாக்கனியாயிற்று. 1996 ஜூலை 18ஆம் திகதி விடுதலைப் புலிகள் அந்த முகாமைத் தாக்கி அழித்தனர். ஆயிரத்துக்கும் அதிகமான படையினர் அதில் உயிரிழந்தனர். அதன் பிறகு மக்கள் திரும்பினாலும், கடற்சண்டையும் விமானக் குண்டுவீச்சும் மீன்பிடித் தடையும் ஓயவில்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கையொப்பமான பின்னரே மாலை வேளையில் குடும்பத்துடன் மணலில் அமரும் வழக்கம் மீண்டது. அது மூன்று ஆண்டுகூட நீடிக்கவில்லை.

2004 டிசெம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை கள்ளப்பாடு, சிலாவத்தை முதலிய கரையோரக் குடியிருப்புகளைத் துடைத்தெடுத்தது. முல்லைத்தீவு மாவட்டத்தில் மட்டும் ஈராயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். செய்தி மேசையில் இருந்த எனக்கு அன்றைய முல்லைத்தீவு, தொலைபேசி வழியாக மணிக்கு மணி ஏறிக்கொண்டிருந்த ஓர் எண்ணிக்கையாகவே வந்து சேர்ந்தது. பின்னர் நேரில் போய் நின்றபோதுதான் எத்தனை வீடுகளின் அத்திவாரம் மணலில் புதைந்து கிடக்கிறது என்பது புரிந்தது. நகரில் உள்ள ஆழிப்பேரலை நினைவிடத்தில் ஆண்டுதோறும் அந்நாளில் உறவினர் கூடுகின்றனர். கடற்கரைக்குப் போகுமுன் அங்கே ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

2009இல் அதே கரையின் வடபகுதி வேறொன்றானது. பெப்ரவரியில் புதுமாத்தளன் முதல் முள்ளிவாய்க்கால் வரையிலான ஒடுங்கிய கரையோரத் துண்டைப் பாதுகாப்பு வலயம் என்று அரசு அறிவித்தது. அந்த வலயத்துக்குள்ளேயே எறிகணைகள் வீழ்ந்தன. காயமடைந்தோரைச் சர்வதேச செஞ்சிலுவைக் குழு கடல்வழியாகத் திருகோணமலைக்கு ஏற்றியது. மே 9ஆம் திகதியுடன் அதுவும் நின்றது. இறுதிக் கட்டத்தில் நாற்பதாயிரம் வரையிலான பொதுமக்கள் மாண்டிருக்கலாம் என ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் கூறியது. மணலில் பதுங்குகுழி தோண்டினால் சரிந்துவிடும் என்பதால் பெண்கள் தங்கள் சேலைகளைப் பையாகத் தைத்து மண் நிரப்பி அடுக்கினர். கடற்கரை மணலை வைத்து நமது மக்கள் செய்த கடைசி வேலை அதுதான்.

போர் முடிந்தபின் இக்கரைக்கு முதலில் வந்தவர்கள் யார் என்பதையும் பதிந்து வைக்க வேண்டும். ஏ 9 திறந்ததும் தெற்கிலிருந்து பேருந்துகளில் மக்கள் வந்து, 2006 டிசெம்பரில் இக்கரையில் தரைதட்டிய ஃபாரா 3 என்ற அரிசிக் கப்பலின் துருப்பிடித்த உடலையும், புலிகளின் கைவிடப்பட்ட நிலையங்களையும் பார்த்துச் சென்றனர். ஊரவர் அப்போது வவுனியாவில் முள்வேலிக்குள் இருந்தனர். மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டபோது, நந்திக்கடல் ஓரத்துக் கேப்பாப்புலவு மக்கள் சொந்தக் காணிக்கு அனுப்பப்படாமல் சீனியாமோட்டையில் இறக்கப்பட்டனர். அதே ஆண்டில்தான் அதே நந்திக்கடலைப் பார்த்தபடி இராணுவம் நடத்தும் உல்லாச விடுதி ஒன்று திறக்கப்பட்டது. காட்சியைக் காண வந்தவருக்கு அறை கிடைத்தது. காட்சிக்கு உரியவருக்குக் கூடாரம் கிடைத்தது. இந்த இரண்டு செய்திகளும் ஒரே பத்திரிகைப் பக்கத்தில் அருகருகே வந்திருக்க வேண்டியவை.

தெற்கே நாயாறு, கொக்கிளாய்ப் பக்கமும் போக விரும்புவோர் உண்டு. கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய் மக்கள் 1984 டிசெம்பரில் விரட்டப்பட்டு, கால் நூற்றாண்டுக்குப் பின்னரே திரும்பினர். திரும்பியபோது தங்கள் கரைவலைப் பாடுகளில் வேறிடத்து மீனவர் இருந்தனர். 2018 ஓகஸ்டில் நாயாற்றில் தமிழ் மீனவரின் வாடிகளும் படகுகளும் வலைகளும் தீயில் எரிந்தன. அழகான தொடுவாய் என்று படம் எடுக்கும்போது, அங்கே ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வழக்கு உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

வைகாசியில் வர முடிந்தால் அதையே நான் பரிந்துரைப்பேன். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு ஒரு கிழமை முன்பாகச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்துக்குக் கொண்டுசென்று, அந்த உப்புநீரில் விளக்கேற்றுவார்கள். இக்கரைக்கு வன்னி மக்கள் கூட்டமாக வந்து போன மிகப் பழைய மரபு இது. இன்று அதே பருவத்தில், மே 18ஆம் திகதி, முள்ளிவாய்க்கால் கிழக்கில் நினைவுச் சுடர் ஏற்றப்பட்டு உப்புக்கஞ்சி வழங்கப்படுகிறது. ஒரு கூட்டம் கடல்நீரை எடுக்க வருகிறது. மற்றொன்று கடலோரத்தில் விட்டுவந்தவர்களைத் தேடி வருகிறது. இரண்டிலும் பெரும்பாலும் அதே முகங்கள்தாம்.

இக்கரையின் அண்மைய விருந்தினர் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 டிசெம்பரில் மியன்மாரிலிருந்து புறப்பட்ட ரொகிங்கியர் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் படகொன்று முள்ளிவாய்க்கால் கடலில் ஒதுங்கியது. குழந்தைகளும் இருந்தனர். கண்டவுடன் உணவும் நீரும் கொடுத்தவர்கள் ஊர் மீனவர்கள். எவரும் அவர்களிடம் அடையாள அட்டை கேட்கவில்லை.

ஆகவே நண்பர்களே, தயங்காமல் போங்கள். துக்கம் காக்கவேண்டும் என்று பிள்ளைகளை விளையாடவிடாமல் பிடித்து வைக்காதீர்கள். ஊர்ப் பிள்ளைகள் மாலையில் அங்கே பந்து அடிக்கிறார்கள், அவர்களோடு சேரவிடுங்கள். மக்கள் அனுமதி கேளாமல் வந்து, பயமின்றி அமர்ந்து, இருட்டியபின் வீடு திரும்பினால்தான் ஒரு கடற்கரை பொதுக் கடற்கரை ஆகும். மீனைக் கரையிலேயே வாங்குங்கள். வலை உலரும் இடத்தில் நடக்காதீர்கள். கொண்டுபோன பிளாஸ்ரிக் போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. 1983க்கு முன்னர் முல்லைத்தீவுக் கரையில் ஒரு சாதாரண மாலைப்பொழுதைக் கழித்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டியிருப்பீர்கள். யார் கடலை விற்றார், எங்கே வள்ளங்கள் நின்றன, திருவிழாக் காலத்தில் எங்கே கூடினீர்கள் என்பதை எழுதி அனுப்புங்கள். போர் நடந்த நாள்கள் எல்லாம் திகதி வாரியாகப் பதிவில் இருக்கின்றன. போர் நடக்காத நாள்களை எவரும் எழுதி வைக்கவில்லை.