தவணை முடியும் நாட்களும் கல்முனைக் கடலும்

இலங்கையில் கல்வியாண்டு சனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவது நெடுங்கால வழமை. முஸ்லிம் பாடசாலைகளில் நோன்பு விடுமுறையை ஒட்டித் தவணைகள் முன்பின்னாக நகரும். கொவிட்டுக்குப் பிறகு நாடு முழுவதும் இந்த ஒழுங்கு குலைந்தது. ஆனாலும் கிழக்குக் கரையில் ஆண்டின் கடைசி வகுப்புகள் பெரும்பாலும் மாரி மழைக்குள்ளேயே நடந்து வந்திருக்கின்றன. 1957 டிசம்பர் பெருவெள்ளமும், 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கி அம்பாறைக் கரையையும் உலுக்கிய சூறாவளியும் அந்தப் பருவம் தந்தவை. பருவத்தோடு தொடர்பே இல்லாத ஆழிப்பேரலையும் 2004 டிசம்பர் 26 அன்று, அதே ஆண்டு முடிவில்தான் வந்தது. புவியியல் புத்தகத்தில் உள்ளவை வாசலுக்கு வெளியே நடக்கும் இந்தக் காலத்தில், பிள்ளைகள் தம் சொந்தக் கரையின் வரலாற்றைப் படிக்காமல் அந்த ஆண்டின் பாடத்தை முடிப்பது பாடத்தைப் பாதியில் விடுவதாகும்.

2004இல் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தபோது அன்றைய இலங்கை நேரம் காலை ஏழு மணிக்குச் சற்று முன்பு. அலை கிழக்குக் கரையைத் தொட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தால் கரையில் இருந்தவர்களுக்கு எந்தப் பயனும் கிட்டவில்லை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த ஊர்களில் கடலோர வளவுகள் துடைத்தெடுக்கப்பட்டன. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். இறந்தோர் 10,000க்கும் மேல். இப்படி ஒன்று இங்கே நடந்ததே இல்லை என்று அப்போது பலரும் சொன்னார்கள். ஆனால் 1883 ஆகஸ்ட் 27 அன்று கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது எழுந்த அலை இலங்கை வரை வந்தது. இதே மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள பாணமையில் ஒரு பெண் அதில் அடிபட்டு இறந்ததாகப் பதிவு இருக்கிறது. அது அறிஞர்களின் ஏடுகளில் தங்கிவிட்டது; 121 ஆண்டுகளில் இந்தக் கரையின் பிள்ளைகளிடம் வந்து சேரவில்லை.

கடற்கோள் தமிழர் மரபுக்குப் புதியதா என்று கேட்கலாம். புதியதல்ல. ஆனால் நம் கடற்கோள் கதைகள் எவை மூழ்கின என்று சொல்கின்றன. கடல் மாறும்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதில்லை. சுமாத்திராவை அடுத்த சிமெலுவே தீவில் 1907 அலைக்குப் பிறகு ‘ஸ்மொங்’ என்ற பெயரில் வாய்மொழியாக வந்த அறிவு வேறு வகை: நிலம் பலமாக ஆடிக் கடல் வற்றினால் மலைக்கு ஓடு. 2004இல் சுமார் 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தோர் ஏழு பேர். தாய்லாந்தின் மாய் காவ் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது ஆங்கிலேயச் சிறுமி, விடுமுறைக்குச் சற்று முன் புவியியல் வகுப்பில் படித்ததை வைத்தே ஆபத்தை அறிந்து பெற்றோரை எச்சரித்தாள். கரையில் இருந்தவர்கள் தப்பினார்கள். தவணைக் கடைசிப் பாடம் ஒன்று எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆயினும் அவ்விரண்டையும் அப்படியே எடுத்துக் கல்முனையில் நட்டால் முளைக்காது. பிளவுக்குக் கிழக்கே தாய்லாந்துப் பக்கம் அலையின் பள்ளம் முதலில் போனதால் அங்கே கடல் முன்கூட்டியே உள்வாங்கியது. மேற்கே இலங்கைப் பக்கம் முகடுதான் முதலில் வந்தது. கடல் வற்றட்டும் என்று காத்திருக்கும் பிள்ளைக்கு இங்கே அடையாளம் கிடைக்கும் முன்பே தண்ணீர் வந்துவிடலாம். ஓடி ஏற மலையும் இல்லை: கிழக்கே கடல், நடுவே மணல் திட்டும் பிரதான வீதியும், மேற்கே வயல். உயரம் என்று இருப்பவை பள்ளிவாசல், பாடசாலை மாடிகளே. எந்த மாடி, எந்தக் குறுக்கு வீதி வழியே, எத்தனை நிமிடத்தில் என்பதைக் கொழும்பில் அச்சாகும் பாடநூல் சொல்ல முடியாது. அந்த ஊர் ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

இப்போது எச்சரிக்கைக் கோபுரங்கள் இருக்கின்றனவே, 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் இருக்கிறதே, பிறகு பாடம் எதற்கு என்பது நியாயமான கேள்வி. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் உள்ளே நகர்ந்தார்கள், பேரலை வரவில்லை. அன்று மக்களை உடனே நகர்த்தியதில் ஏழு வருடத்துக்கு முந்தைய இழப்பின் நினைவுக்கும் பங்குண்டு. அந்த நினைவு இல்லாத பிள்ளைகள்தாம் இன்று வகுப்பில் இருக்கிறார்கள். எல்லாம் இறைவன் நாட்டம் என்பாரும் உண்டு; ஆனால் தவக்குல் என்பது செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு நம்புவது என்றே உலமாக்கள் விளக்கி வந்திருக்கிறார்கள்.

நூற்றாண்டுக்கொரு முறை வருவதற்காகப் பாடநேரத்தைச் செலவிடுவதா என்பாருக்கு ஒலுவில் பதில் சொல்லும். 2013இல் அங்கே திறக்கப்பட்ட துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தது. வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரை அரிக்கப்பட்டது. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுப்புச் சுவர் மறித்தால் என்ன ஆகும் என்பது பத்தாம் தரத்துப் பிள்ளைக்குப் புரியக்கூடிய சங்கதி. தென்னைகளும் தோணி இழுக்கும் இடமும் போன பிறகு, அது மீனவருடைய வழக்காகவும் அரசியல்வாதியின் வாக்குறுதியாகவும் மாறியது. தவணைப் பரீட்சைத் தாள்கள் திருத்தப்படும் வேளையில் வகுப்புகள் சும்மா கிடக்கும் சில நாட்கள் எல்லாப் பாடசாலைகளிலும் உண்டு. பாணமை, சூறாவளி, ஆழிப்பேரலை, ஒலுவில் என்ற நான்கையும் ஊர் வரைபடத்தில் குறித்துப் பேச அந்த நாட்கள் போதும். அதற்குப் புதிய பாடத்திட்டமோ அமைச்சின் சுற்றுநிருபமோ தேவையில்லை.