புத்திர சுவிகாரம்: தமிழ்க் கிறித்தவர் வாழ்வில் ஒரு சொல்லின் வரலாறு

1. முன்னுரை

சொற்களுள் சில நூலில் நின்றவாறே நின்றுவிடுவன. சில நூலினின்றும் இறங்கி இல்லத்துள் புகுவன. தமிழ் விவிலியத்தில் பயிலும் 'புத்திர சுவிகாரம்' என்னும் தொடர் இரண்டாம் வகையைச் சார்ந்தது. அது சமயக் கொள்கை ஒன்றைக் குறிக்க எழுந்த தொடர்; எனினும் பிறர் ஈன்ற மகவைத் தம் மகவாக ஏற்ற குடும்பங்களின் வாழ்வையும் அது தொட்டு நிற்கின்றது. அதன் வரலாற்றை இலக்கியம், மொழிபெயர்ப்பு, சட்டம் என்னும் மூன்றன் துணைகொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது பழைய வேத புத்தகம் ஒன்று. வடசென்னைக் கிறித்தவரிடை வழங்கும் வழிபாட்டுச் சொற்களைத் தொகுக்கும் பொருட்டு மாதவரத்தில் சில இல்லங்கட்கு யாம் சென்றிருந்தோம். துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் தம் குடும்ப வேத புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அதன் முகப்புத் தாளில் குடும்பத்தாரின் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், இறப்பு ஆகியவை மையால் வரிசையுற எழுதப்பட்டிருந்தன. ஒரு பெண்ணின் பெயர்க்கு நேரே மட்டும் பிறந்த நாள் இல்லை. 'வீட்டுக்கு வந்த நாள்' என ஒரு நாள் குறிக்கப்பட்டு, அதனை அடுத்து 'மகள்' என்று எழுதப்பட்டிருந்தது. அப்பெண் கைக்குழந்தையாக அவ்வில்லம் புகுந்தது 1980ஐ அடுத்த ஆண்டுகளில். அப்புத்தகத்தினுள்ளேயே நீதிமன்ற ஆணை ஒன்றும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவ்வாணை முதியவரைப் 'பாதுகாவலர்' என்றது. மகளைப் 'பாதுகாப்பிலுள்ள சிறார்' என்றது. "இதுல எது சார் நெசம்?" என்று அவர் எம்மை வினவினார். அவ்வினாவுக்கு விடை காணப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

2. தத்தும் சுவிகாரமும்

இருசொல்லும் வடமொழியினின்றும் போந்தவை. ஒரு பொருளன போல வழங்குவன. ஆயினும் ஊன்றி நோக்குவார்க்கு அவற்றிடை வேற்றுமை உண்டு. 'தத்து' என்பது கொடுக்கப்பட்டது என்னும் பொருளடியாகப் பிறந்தது. 'சுவிகாரம்' என்பது தனதாக்கிக் கொள்ளல் என்னும் பொருளது. முன்னது ஈவாரை நோக்கி எழுந்த சொல். பின்னது ஏற்பாரை நோக்கி எழுந்த சொல்.

இவ்வேற்றுமை வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பழைய இந்து சட்ட மரபில் தந்தையோ தாயோ கொடுத்தாலன்றித் தத்து நிறைவுறாது. ஆகவே பெற்றோரை இழந்த குழந்தையைத் தத்தாக ஏற்றல் பொதுவாக இயலாதாயிற்று, கொடுப்பார் இல்லையன்றோ? பெண் மகவும் அவ்வரம்புக்குப் புறத்தே நின்றது. நீர்க்கடன் ஆற்றவும் குடிப்பெயர் நிறுத்தவும் ஆண் மகவையே அம்மரபு வேண்டிற்று. இராமநாதபுரம் சமீன் வழக்கில் 1868ஆம் ஆண்டு இலண்டன் பிரிவி கவுன்சில் தந்த தீர்ப்பு, கணவனின் அனுமதி இன்றேனும் அவன் சுற்றத்தார் இசைவு பெற்றுக் கைம்பெண் தத்தெடுக்கலாம் என நிறுவியது. தமிழகத்துச் சட்ட வரலாற்றில் சிறந்த தீர்ப்பு அது. எனினும் அங்கும் எழுந்த வினா சொத்து யாரைச் சாரும் என்பதே. குழந்தை யாரைச் சாரும் என்பதன்று.

3. தமிழ் இலக்கியத்தில் வளர்ப்பு மக்கள்

பெற்றவள் ஒருத்தி, வளர்த்தவள் ஒருத்தி என்னும் நிலை தமிழ் இலக்கியத்திற்குப் புதிதன்று. அக இலக்கியம் நற்றாயையும் செவிலித்தாயையும் வேறு பிரித்துக் காட்டி இருவர்க்கும் கூற்று வகுக்கின்றது. உடன்போக்கிற் சென்ற மகளைத் தேடிச் சுரத்திடைச் செல்பவள் செவிலியே என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. திருவில்லிபுத்தூரில் துளசிச் செடிகளின் நடுவே கண்டெடுத்த மகவைப் பெரியாழ்வார் மகளாக வளர்த்த வரலாறு யாவரும் அறிந்ததே.

ஆயின் இக்கட்டுரைக்கு மிகவும் இன்றியமையாதது மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதை. சாலி என்பாள் ஈன்று சோலையில் விட்டுச் சென்ற குழவியை ஆவொன்று பாலூட்டிக் காத்தது. அவ்வழிப் போந்த இளம்பூதி என்னும் அந்தணன் அதனை எடுத்துத் தன் மகனென்றே கூறி மகிழ்ந்து, கல்வியும் பயிற்றினான். ஆபுத்திரன் வேள்விக்குக் கட்டிய ஆவை விடுவித்தமையால் ஊரார் சினந்தனர். அவன் பிறப்பின் மறையும் வெளிப்பட்டது. அப்பொழுது அவனை மனையினின்றும் நீக்கியவன் வளர்த்த தந்தையே.

மகனென்று சொன்ன வாய் மகனல்லன் என்று சொல்ல எத்துணைப் பொழுது வேண்டும் என்பதே ஈண்டு எழும் வினா. இளம்பூதியின் அன்பு பொய்யன்று. ஆனால் ஊரார் இசைவு உள்ளவரையே அது நின்றது. மகவேற்பின் மெய்ம்மையை அளக்கும் கருவி ஏற்ற நாள் அன்று. பிறப்பு வெளிப்பட்ட நாளே என்பதைச் சாத்தனார் காட்டிவிட்டார்.

4. விவிலிய மொழிபெயர்ப்பும் இத்தொடரும்

புதிய ஏற்பாட்டில் பவுலின் பெயரால் வழங்கும் நிருபங்களில் 'ஹுயொதெசியா' என்னும் கிரேக்கச் சொல் ஐந்து இடங்களில் வருகின்றது: உரோமருக்கு எழுதியதில் மூன்று, கலாத்தியருக்கும் எபேசியருக்கும் எழுதியவற்றில் ஒவ்வொன்று. மகனாக நிறுத்துதல் என்பது அதன் சொற்பொருள். உரோமப் பேரரசில் இது சட்டச் சொல். ஏற்கப்பட்டவன் புதிய குடிப்பெயரும் முழு உரிமையும் பெற்றான். யூலியசு சீசர் தம் இறுதி ஆவணத்தால் ஒக்டேவியனை மகனாக்கினார். அவரே பின்னர் அகசுதசு ஆனார். ஆகவே இச்சொல்லைக் கேட்ட உரோமர்க்கு அஃது இரக்கத்தை மட்டுமன்றி உரிமையையும் உணர்த்தியிருக்கும்.

தமிழில் புதிய ஏற்பாட்டைச் சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1714–15இல் அச்சிட்டார். சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் வாழ்ந்த பப்ரிசியுசின் மொழிபெயர்ப்பு 1772இல் அவ்வேப்பேரி அச்சகத்திலேயே வெளிவந்தது. இரேனியுசின் புதிய ஏற்பாடு 1833இல் வந்தது. போவர் தலைமையில் அமைந்த குழுவின் ஐக்கிய மொழிபெயர்ப்பு 1871இல் வந்தது. இன்றும் சீர்திருத்தச் சபையார் பலரும் ஓதும் பழைய மொழிபெயர்ப்பில் நிலைபெற்றிருப்பது 'புத்திர சுவிகாரம்' என்பதாம்.

இத்தொடரில் இரண்டு கூறுகள் நோக்கத்தக்கன. ஒன்று, 'தத்து' இன்றிச் 'சுவிகாரம்' அமைந்தமை. கொடுப்பார் இல்லாத குழந்தைக்கும் பொருந்துவது இச்சொல்லே; ஏற்பவரின் விருப்பமே அதன் உயிர். மற்றொன்று 'புத்திர' என்னும் முன்னடை. மூலத்தில் மகன் எனும் சொல் உண்மையின் அது பிழையன்று. எனினும் மகளுக்கு அத்தொடரில் வாயில் இல்லை. கத்தோலிக்கரும் பிறரும் இணைந்து ஆக்கிய திருவிவிலியம் (1995) உரோமையர் எட்டாம் அதிகாரத்தில் 'பிள்ளைகள்' என்று ஆண்டு அக்குறையை நீக்கிற்று.

இன்னொன்றும் உண்டு. அவ்வெட்டாம் அதிகாரத்திலேயே ஓரிடத்தில் சுவிகாரம் பெற்றாயிற்று என்றும், பிறிதோரிடத்தில் அதற்காகக் காத்திருக்கிறோம் என்றும் பொருள்படப் பேசப்படுகின்றது. மெய்யாகவே மகவாயினும் முழுவுரிமை இன்னும் வெளிப்படவில்லை என்னும் இந்நிலையே கடவுளை நம்பியிருத்தலுக்கு அடிப்படை எனச் சமய நூலார் விளக்குவர். மாதவரத்து மகளின் நிலையும் இதுவே அன்றோ?

5. தேம்பாவணியின் வளன்

வளர்ப்புத் தந்தை ஒருவரையே தலைவராகக் கொண்டு பெருங்காப்பியம் பாடியவர் வீரமாமுனிவர். 1726இல் நிறைவுற்ற தேம்பாவணி மூன்று காண்டமும் முப்பத்தாறு படலமும் 3615 பாடல்களும் உடையது. சூசையப்பரையே அவர் 'வளன்' எனத் தமிழ்ப்படுத்தினார்.

மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரம் தாவீதின் வழிமுறையை வரிசைப்படுத்திச் சூசையிடம் கொண்டுவந்து நிறுத்துகின்றது. ஆயின் அக்குழவிக்குச் சூசை உடல்வழித் தந்தையல்லர் என்பதையும் அதே அதிகாரம் கூறுகின்றது. அவர் செய்தது மனைவியை ஏற்றமையும் குழவிக்குப் பெயரிட்டமையுமே. பெயரிட்டமையால் அவர் தந்தையானார். அதனால் மகன் தாவீதின் மகனானான். இளம்பூதியையும் வளனையும் ஒருங்கு வைத்து நோக்கின், பிறப்பின் மறை ஒருவனுக்குக் கைவிடக் காரணமாயிற்று. மற்றவனுக்கு ஏற்றுக்கொள்ளக் காரணமாயிற்று என்பது புலனாகும். எகிப்துக்கு ஓடிய வழியில் வளனுக்குத் துணைநின்றது எதிர்காலம் பற்றிய அறிவன்று. இறைவன்பால் வைத்த நம்பிக்கையே.

6. டோனாவூர்: ஒரு பெருங்குடும்பம்

நூலில் கண்ட இக்கொள்கை தமிழ் மண்ணில் வாழ்வாக மலர்ந்த இடங்களுள் தலைசிறந்தது திருநெல்வேலிச் சீமையின் டோனாவூர். இரேனியுசின் பணிக்குப் பொருளுதவிய டோனா என்னும் பிரபுவின் பெயரால் எழுந்த ஊர் இது. 1867இல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்து, 1901இல் டோனாவூரைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். தந்தையை இழந்த அவரை இராபர்ட்டு வில்சன் என்னும் முதியவர் மகளாக ஏற்றிருந்தார். 'வில்சன்' என்பதனையும் தம் பெயரோடு அவர் இணைத்துக்கொண்டமை இதனாலேயே. ஏற்கப்பட்ட மகளே பின்னர் ஏற்கும் தாயானார்.

கோயிற்பணிக்கு நேர்ந்துவிடப்பட்ட சிறுமி ஒருத்தி 1901 மார்ச்சில் தப்பிவந்து அவரை அடைந்தாள். அவளைத் தொடர்ந்து பலர் வந்தனர். 1918 முதல் ஆண் குழந்தைகளும் ஏற்கப்பட்டனர். அவரோடு உழைத்த தமிழ்ப் பெண்மணி பொன்னம்மாள் 1915இல் இறக்கும்வரை இப்பணியின் தூணாக விளங்கினார். பணம் வேண்டி எவரிடமும் விண்ணப்பிப்பதில்லை. தேவையை இறைவனிடமே கூறுவது என்பது அவ்வில்லத்தின் நெறி. பிரித்தானியாவின் பிரிஸ்டல் நகரில் 1836இல் அனாதை இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லரின் நெறியும் இதுவே.

மொழியாராய்வார்க்கு அவ்வில்லத்து உறவுப்பெயர்கள் சுவை பயப்பன. ஏமி 'அம்மை', அயல்நாட்டுப் பெண்கள் 'சித்தி', தமிழ்ப் பெண்கள் 'அக்காள்', ஆடவர் 'அண்ணாச்சி'. நிறுவனத்துக்குரிய பதவிப்பெயர் ஒன்றும் அங்கு எழவில்லை. நெல்லை வீட்டுப் பேச்சே அதன் அமைப்பாயிற்று. பிறந்த நாள் அறியப்படாத குழந்தைகட்கு 'வந்த நாள்' கொண்டாடப்பட்டது. மாதவரத்து வேத புத்தகத்தில் யாம் கண்ட குறிப்பு இம்மரபினின்றும் வந்தது என்று கூற எம்மிடம் சான்றில்லை. அன்பு இருவேறிடத்தும் ஒரே சொல்லைக் கண்டது எனலே பொருந்தும்.

அவர் 1903இல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பு 'உள்ளது உள்ளவாறே' எனப் பொருள்படுவது. அதன் கையெழுத்துப்படி ஊக்கமூட்டுவதாக இல்லை என்று ஒருமுறை திருப்பப்பட்டது. வெளிவந்தபின் அதன் உண்மையை இங்கிலாந்தில் சிலர் ஐயுற்றமையால், பின்வந்த பதிப்பில் தென்னிந்தியப் பணியாளர் பிறரின் சான்றுரைகள் சேர்க்கப்பட்டன. வெற்றியை மிகைப்படுத்தாமை அவர் சமய வாழ்வின் இயல்பாயிற்று.

அம்மெய்ம்மையை அவர்மேலும் செலுத்துதல் வரலாற்றாசிரியர் கடன். சிறுமி ஒருத்தியைப் பற்றிய வழக்கில், அவளைத் தாயிடம் ஒப்படைக்குமாறு 1911இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது; ஆனால் அவள் மறைவாக வெளிநாடு அனுப்பப்பட்டாள். காத்தற்கும் கவர்தற்கும் உள்ள எல்லை எங்குள்ளது, ஈன்றவளின் குரல் எத்துணை கேட்கப்பட்டது என்னும் வினாக்கள் இவ்வழக்கால் எழுவன. அவற்றை அன்பின் பெயரால் மறைத்தல் கூடாது. நேர்ந்துவிடும் வழக்கத்தை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் 1927இல் குரலெழுப்பினார்; 1947இல் சட்டம் நிறைவேறிற்று. தனியொருவரின் துணிவு செய்ய முயன்றதைச் சட்டம் பொதுவாகச் செய்தது.

ஏமி 1951 சனவரி 18இல் மறைந்தார். தம் கல்லறைமேல் கல் வேண்டா என்றார். பிள்ளைகள் பறவைகள் நீரருந்தும் தொட்டி ஒன்றை அங்கு வைத்து, 'அம்மை' என்ற ஒரு சொல்லைப் பொறித்தனர்.

7. சட்டம் தந்த இடம்

இனிச் சட்டத்தைக் காண்போம். 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டமே கிறித்தவர்க்கு நெடுங்காலம் கிடைத்த வழி. குழந்தை வயது வந்தவுடன் அவ்வுறவு சட்டத்தின் கண்ணில் முடிந்துவிடும். 1956இல் வந்த தத்தெடுப்புச் சட்டம் பெண் மகவுக்கும் வாயில் திறந்தது. ஆயின் அது இந்துக்களையும் பௌத்தர், சமணர், சீக்கியரையுமே தழுவியது. அனைவர்க்கும் பொதுவாக 1972இலும் 1980இலும் கொணரப்பட்ட மசோதாக்கள் சட்டமாகவில்லை. கிறித்தவத் தம்பதியர் ஏற்ற மகனுக்கு உரிமையுண்டு எனக் கேரள உயர்நீதிமன்றம் 1999இல் கூறிற்று. 2000ஆம் ஆண்டின் இளையோர் நீதிச் சட்டமும் அதன் 2006ஆம் ஆண்டுத் திருத்தமும் சமய வேறுபாடின்றித் தத்தெடுக்க வழி செய்தன. 2014இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதிப்படுத்திற்று. 2015ஆம் ஆண்டின் சட்டத்திற்கு 2021இல் வந்த திருத்தத்தால் தத்தெடுப்பு ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் நீதிமன்றத்தினின்றும் மாவட்ட ஆட்சியர்க்கு மாறியது.

ஆகவே ஒரு முரண் இங்குத் தெளிவாகின்றது. தாம் அனைவரும் கடவுளின் சுவிகாரப் பிள்ளைகளே என ஞாயிறுதோறும் ஓதிய சமூகம், தன் இல்லத்துள் ஒரு குழந்தையைச் சுவிகாரம் செய்யச் சட்டவழி இன்றி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நின்றது. சுவிகாரத்தை நாடி நின்ற குழந்தைகளுள்ளும் பலர் 'புத்திர' என்னும் அடைக்குள் அடங்காத பெண்கள். தமிழக அரசு 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்ததே இதற்குச் சான்று.

8. முடிவுரை

மாதவரத்து மகளுக்குப் புதிய சட்டம் பயன்படவில்லை. அது வருமுன்னரே அவர் குழந்தைப் பருவம் கடந்துவிட்டார். முதியவர் செய்தது உயில் ஒன்று எழுதி, அதில் 'என் மகள்' என்று குறித்தது மட்டுமே. சீசர் ஆவணத்தால் செய்ததை இத்துறைமுகத் தொழிலாளியும் ஆவணத்தாலேயே செய்தார்.

"இதுல எது சார் நெசம்?" என்ற வினாவுக்கு யாம் கண்ட விடை இது. இரண்டும் மெய்யே. ஆணை, அரசு அன்று எதனை அறிந்தது என்பதற்குச் சான்று. வேத புத்தகத்தின் தாள், குடும்பம் எதனை அறிந்தது என்பதற்குச் சான்று. பின்வந்த சட்டம் ஆணையின் சொல்லை மாற்றித் தாளின் சொல்லுக்கு அணித்தாக வந்தது. தாளின் சொல் மாறவில்லை. இதனை யாம் கூறியபோது முதியவர் சிறிது நேரம் வாளா இருந்தார். பின்னர் அவ்வாணையை மடித்து, உரோமருக்கு எழுதிய நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் வைத்துப் புத்தகத்தை மூடினார். அடுக்களையிலிருந்து அவர் மகள் எமக்குத் தேநீர் கொணர்ந்தார்.