தரைக்கு மேல் ஓடும் கார், தரைக்குக் கீழ் இருந்த ஊர்

பூதிகோட்டை என்றால் ஹைதர் அலி பிறந்த ஊர் என்று வரலாற்று நூல்கள் ஒரு வரியில் நகர்ந்துவிடும். அதன் அண்டையிலுள்ள தங்கவயலை மனத்தில் வைத்து ஒரு கார்ப்பந்தய ஆட்டத்தை வாசிக்கலாம்.

2021 நவம்பரில் வெளிவந்த 'ஃபோர்ஸா ஹொரைசன் 5' மெக்சிகோவைத் திறந்தவெளிக் களமாக்கியது. சாலையை விட்டு விலகிப் பாலையிலும் காட்டிலும் ஓட்டலாம். மோதினால் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் பொத்தானும் உண்டு. அக்களத்திலுள்ள குவானாஹுவாட்டோ வெள்ளிச் சுரங்கங்களால் செழித்த நகரம். வெள்ளத்தைத் திருப்பக் குடைந்த அதன் நிலத்தடி வழிகள் பிற்காலத்தில் வாகனச் சாலைகளாயின. ஆட்டக்காரரும் அவற்றில் விரைகிறார். வெள்ளி வெட்டியவரின் உழைப்பு பந்தய விதிகளுக்குள் வருவதில்லை. (ஆட்டத்தின் அழகை நான் மறுக்கவில்லை.)

தங்கவயலில் 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் கால்பதித்தது. வட ஆர்க்காட்டிலிருந்து வந்த தமிழர், பெரும்பாலும் தலித்துகள், பாறைவெடிப்புக்கு அஞ்சியபடியே இறங்கினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் ஆழமாயிற்று. 1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் வந்ததும் முதன்மையாகச் சுரங்க எந்திரங்களுக்கே. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது; நிலத்தடிப் பாதைகளில் நீர் நிறைந்தது. மேலே மிஞ்சியவை சயனைடு மண்மேடுகள். காற்றடித்தால் அவற்றின் தூசு குடியிருப்புகளுக்குள் வரும்.

ஆட்ட வடிவமைப்பாளர் இம்மேடுகளைக் கண்டால் கார் பாய்வதற்கேற்ற சரிவு என்றே குறித்துக்கொள்வார். நிலவெளி பற்றி ஆய்வு செய்யும் மாணவர்கள் அவ்வரைபடத்தின் கீழடுக்கையும் கேட்டு வாங்க வேண்டும்.