'நல்' பிறந்த கதை

தேர்வில் பூஜ்யம் வாங்கியவரும் தேர்வுக்கே வராதவரும் ஒன்றா? இல்லை. மதிப்பெண் பட்டியலில் ஒருவருக்கு 0 போடுவார்கள், மற்றவருக்கு 'ஆப்சென்ட்' என்று எழுதுவார்கள். இந்தச் சின்ன வித்தியாசத்தைக் கணினிக்குப் புரியவைக்க அறிஞர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கொழும்பில் 1934-இல் பிறந்த பிரிட்டிஷ் கணினி அறிஞர் டோனி ஹோர், 1965-இல் 'அல்கால் டபிள்யூ' என்ற நிரல்மொழியில் 'நல்' என்பதைச் சேர்த்தார். எந்தப் பொருளையும் சுட்டாத சுட்டி அது. சேர்ப்பது சுலபமாக இருந்தது, அதுதான் காரணம். பெயர் என்னவோ 'நல்', செய்ததெல்லாம் வேறு! நிரல்கள் பாதியில் நின்றுபோக அது காரணமானது. 2009-இல் லண்டன் மாநாடு ஒன்றில் ஹோரே அதைத் தம்முடைய 'நூறு கோடி டாலர் தவறு' என்றார்.

தரவுத்தளத்தில் சிக்கல் வேறு விதம். 1970-இல் உறவுமுறைத் தரவுத்தளத்துக்கு அடித்தளம் போட்டவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட். விடுபட்ட மதிப்புகளை என்ன செய்வது என்பதற்கு 1979 கட்டுரையில் அவர் மூன்று மதிப்புத் தர்க்கத்தை முன்வைத்தார். உண்மை, பொய், இரண்டோடு 'தெரியாது'. போலந்தின் யான் வுகாசியேவிச் 1920-லேயே இத்தகைய தர்க்கத்தை வகுத்திருந்தார்.

காட் சொன்னதில் நியாயம் உண்டு. இரண்டு பேரின் வயதும் தெரியாது என்றால், இருவருக்கும் ஒரே வயதா? ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆகவே எஸ்.க்யூ.எல். மொழியில் 'நல் = நல்' என்று கேட்டால் விடை 'தெரியாது'. அதை மறுத்தாலும் 'தெரியாது'தான்!

விளைவைப் பாருங்கள். ஒரு வகுப்பில் 50 பேர். 40 பேர் பாஸ், 8 பேர் ஃபெயில், 2 பேர் வரவில்லை. 35-ம் அதற்கு மேலும் எடுத்தவர்கள் யார் என்று கேட்டால் 40 பேர் வருவார்கள். 35-க்குக் கீழே யார் என்றால் 8 பேர். மீதி 2 பேர் எந்தப் பட்டியலிலும் இல்லை. நிபந்தனை 'உண்மை' ஆகும் வரிசைகளை மட்டுமே எஸ்.க்யூ.எல். எடுக்கும். பிழைச் செய்தியும் வராது. சத்தமில்லாமல் இரண்டு பேர் காணாமல் போய்விடுவார்கள்.

அவர்களைக் கண்டுபிடிக்கத்தான் 'இஸ் நல்' என்ற தனி நிபந்தனை. 1986-இல் வந்த முதல் எஸ்.க்யூ.எல். தரநிலையிலேயே அது உண்டு. இரு பக்கமும் நல்லாக இருந்தால் சமம் என்று கொள்ளும் 'இஸ் நாட் டிஸ்டிங்ட் ஃப்ரம்' பின்னால் வந்தது.

காட் இதோடு நிற்கவில்லை. 'இருக்கிறது, ஆனால் தெரியவில்லை' என்பதும் 'இவருக்குப் பொருந்தவே பொருந்தாது' என்பதும் வேறு வேறு என்று 1990-இல் எழுதிய நூலில் நான்கு மதிப்புத் தர்க்கம் கேட்டார். அவருடைய நெடுநாள் சகா கிறிஸ் டேட்டோ, நல்லே வேண்டாம் என்று வாதாடினார். ஆரகிளில் வெற்றுச் சரம்கூட நல்தான். ஜாவா போன்ற மொழிகளில் நல்லும் நல்லும் சமம். ஒரே பெயர், ஊருக்கு ஒரு சட்டம்.

எனவே நிபந்தனை எழுதுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வெற்றிடத்துக்கு என்ன அர்த்தம்? பூஜ்யமா, தெரியாததா, பொருந்தாததா? அதைக் கணினி தானாகச் சொல்லாது. எழுதுபவர்தான் சொல்லவேண்டும்.