தறி வெளியேறிய வீடு: ஆட்டையாம்பட்டி வட்டாரத்தில் வீட்டு ஒழுங்கின் வரலாறும் இன்றைய தயக்கமும்

முன்னுரை

புதிதாக வீடு கட்டிக் குடிபோனவர்களிடம் ஒரு தயக்கத்தைப் பரவலாகக் காண முடிகிறது. சோபாவை எந்தச் சுவரோரம் போடுவது, சுவருக்கு என்ன வண்ணம் அடிப்பது, சீராக வந்த பித்தளைப் பாத்திரங்களை வைத்துக்கொள்வதா போட்டுவிடுவதா என்று முடிவெடுக்க முடியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறார்கள். ரசனைக் குறைவுதான் இதற்குக் காரணம் என்று கருதி, உள்ளலங்காரம் செய்வோரும் படப் புத்தகங்களும் ரசனையைக் கற்றுத்தர முன்வருகின்றனர். இந்தத் தயக்கம் மனிதரின் குறையால் வந்ததன்று, வீட்டின் வரலாற்றில் நேர்ந்த ஒரு மாற்றத்தின் விளைவு என்பதே இக்கட்டுரையின் வாதம். சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையில் கைமுறுக்குக்கும் நெசவுக்கும் பேர்போன ஆட்டையாம்பட்டியும், அதைச் சூழ்ந்த இளம்பிள்ளை, ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களும் இதற்குக் களமாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமானபோது இந்தச் சமவெளி இரண்டாகப் பிரிந்தது. வீடு கட்டும் வழக்கமும் தொழிலும் பிரியவில்லை.

வேலை வகுத்த இடங்கள்

கைத்தறி நெசவாளரின் வீட்டில் முதலில் இடம்பிடித்தது தறி. மனிதர் மிஞ்சிய இடத்தில் வாழ்ந்தனர். குழித்தறியில் நெய்பவர் தரைமட்டத்தில் அமர்ந்து, குழிக்குள் கால்விட்டு மிதியை மிதிப்பார். குழியின் ஈரப்பதம் நூல் அறுந்துபோகாமல் காக்கும். நூலிழையைப் பார்க்க வெளிச்சம் வேண்டும் என்பதால் தறியின் இடத்தைச் சன்னல் முடிவுசெய்தது. கரைக்கும் முந்திக்கும் பூவேலை செய்ய ஜக்கார்டு பெட்டி தறிக்கு மேலே ஏறியபின், கூரையின் உயரத்தையும் தொழிலே முடிவுசெய்தது. பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட நீண்ட வெளி தேவை. ஆகவே நெசவாளர் தெரு நேராகவும் அகலமாகவும் அமைந்து, விடியற்காலையில் வீட்டின் இன்னொரு அறையாகவே பயன்பட்டது. ராட்டையில் தார் சுற்றும் பெண்கள் தறிக்கும் அடுப்புக்கும் இடைப்பட்ட இடத்தில் அமர்ந்தனர். இரு வேலையையும் ஒரே ஆள் பார்க்க வேண்டியிருந்ததுதான் காரணம்.

தரை முழுவதும் வேலைக்குப் போய்விட்டதால், பொருள்கள் சுவருக்குள்ளும் தலைக்கு மேலும் போயின. விளக்குக்கு மாடக்குழி, துணிக்குக் கொடி, தயிருக்கும் நெய்க்கும் உரி, எப்போதாவது எடுக்கும் பாத்திரங்களுக்குப் பரண் அல்லது அட்டாலி. படுக்கை பாயாகச் சுருண்டு மூலையில் நின்றது. கயிற்றுக் கட்டிலும் பகலில் நிமிர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டது. அருகிலிருந்த வேளாண் குடும்பங்களின் தொட்டிக்கட்டு வீடுகளில் இடம் தாராளமாக இருந்தும் விதி இதுவேதான்: தானியத்துக்குக் குதிர், விருந்தினருக்குத் திண்ணை, குடும்ப விசேஷத்துக்கு ஆசாரம், பாத்திரம் கழுவவும் குளிக்கவும் பொடக்காலி. முறுக்குச் சுற்றும் வீட்டில் மாவு பிசைவது, தரையில் விரித்த துணிமேல் சுற்றி அடுக்குவது, எண்ணெய்ச் சட்டியில் இடுவது என வேலையின் வரிசையே இடத்தின் வரிசையாகிவிடுகிறது. இவ்வீடுகளில் எது எங்கே என்ற கேள்விக்கு ரசனை தேவைப்படவில்லை. வேலையே விடை சொன்னது.

இவ்வொழுங்கை மக்கள் எவ்வளவு விரும்பினர் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் தொழில் வளர்ச்சிக்குப் பாடுபட்ட ஆல்ஃபிரட் சாட்டர்டன், கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டும் விசைநாடாக் கைத்தறியைப் பரப்பும் நோக்கில் சேலத்தில் அரசு நெசவுக்கூடம் ஒன்றை நிறுவினார். நெசவாளர்களை ஒரே கூரையின்கீழ் குறித்த நேரத்துக்கு வரவழைப்பது கடினமாக இருந்தது. மனைவி மக்களின் துணையோடு சொந்த வீட்டில் நெய்வதையே அவர்கள் விரும்பினர். 1910 வாக்கில் அக்கூடம் மூடப்பட்டது. அரசு நேரடியாகத் தொழில் நடத்துவதை லண்டன் விரும்பாததும் அதற்கு ஒரு காரணம். நெசவாளர் புதிய கருவியை வெறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விசைநாடா பின்னர் வீட்டுத் தறிகளில் தாராளமாகப் புகுந்தது. அவர்கள் ஏற்க மறுத்தது தொழிலை வீட்டிலிருந்து பிரிப்பதைத்தான்.

ஆண்டுதோறும் திரும்பிவந்த வாய்ப்பு

இடத்தை வேலை வகுத்ததுபோல், ஒழுங்குபடுத்தும் நேரத்தைப் பண்டிகை வகுத்தது. தைப்பொங்கலுக்கு முன் வீட்டைக் காலிசெய்து, ஒட்டடை அடித்து, சுண்ணாம்பு பூசி, காவிக் கோடு இழுப்பது இப்பகுதியின் வழக்கம். போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ கொண்டு இறவாணத்தில் காப்புக் கட்டுவார்கள். ஆயுத பூசைக்குத் தறியும் நாடாவும் ராட்டையும் துடைத்துப் பொட்டிடப்படும். தேவையற்ற சாமான் அப்போது வெளியேறும். பரணில் கிடப்பது என்ன என்பது ஆண்டுக்கு இருமுறையாவது வீட்டாருக்குத் தெரிந்துவிடும்.

இதில் தூய்மையைவிட முக்கியமான ஒரு பயன் உண்டு. சுண்ணாம்புப் பூச்சு மலிவானது, ஓராண்டுக்குமேல் பொலிவோடு நிற்காதது. நீலம் கூடிப்போனால் அடுத்த தையில் குறைத்துக்கொள்ளலாம். பாயும் முக்காலியும் உரியும் இடம் மாறுவதற்கு அரை நாழிகை போதும். பழைய வீட்டில் அலங்கார முடிவுகள் எல்லாம் சிறியவை, மலிவானவை, திருத்திக்கொள்ளக் கூடியவை; அதனால்தான் அவற்றை எடுக்க யாரும் அஞ்சவில்லை. இன்று பல்லாண்டு உழைக்கும் பெயிண்ட், சுவரோடு சேர்த்து அடிக்கும் அலமாரி, அறையின் அளவுக்கே செய்யப்படும் சமையலறைப் பெட்டிகள் ஆகியவை ஒருமுறை எடுத்துப் பத்தாண்டு சுமக்கும் முடிவுகளாகிவிட்டன. தயக்கத்தின் முதல் வேர் இங்கே இருக்கிறது.

தறி வெளியேறியபின்

மேட்டூர் அணை 1934-இல் முடிந்து, 1937-இல் அங்கே மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியது. நூற்றாண்டின் பிற்பாதியில் சேலம், குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு வட்டாரங்களில் விசைத்தறி பெருகியது. அதன் இரைச்சலையும் அதிர்வையும் வாழும் அறை தாங்காது. தறி பெரும்பாலும் தனிப் பட்டறைக்குப் போயிற்று. சாட்டர்டனின் கூடத்தால் செய்ய முடியாததை மின்மோட்டார் செய்துமுடித்தது. தறி நின்ற அறை காலியானது. ஆனால் அந்த அறைக்குச் சன்னலின் இடத்தையும் கூரையின் உயரத்தையும் தரையின் பங்கீட்டையும் சொல்லிவந்த அதிகாரமும் தறியோடு போய்விட்டது. அதற்கு ‘ஹால்’ என்று புதுப்பெயர் வந்தது. அங்கே நடக்க வேண்டிய வேலை எது என்பது தெளிவாகவில்லை.

அந்த வெற்றிடத்தைப் பொருள்கள் நிரப்பின. கோத்ரெஜ் நிறுவனம் 1923-இல் செய்யத் தொடங்கிய இரும்பு பீரோ, காலப்போக்கில் சீர்வரிசையின் அடையாளமாகி இவ்வூர்களுக்கும் வந்தது. 1981-இல் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலை, எவர்சில்வர் புழக்கத்துக்கு வந்துவிட்ட காலத்தில் அதற்கான தகட்டை அருகிலேயே தந்தது. பித்தளை பரணுக்குப் போக, எவர்சில்வர் வரிசை அலமாரியில் ஏறியது. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும், 2011-இல் தொடங்கிய மின்விசிறி, மிக்ஸி, கிரைண்டர் வழங்கும் திட்டமும் ஏழை வீட்டின் அமைப்பையும் மாற்றின. அம்மியும் ஆட்டுக்கல்லும் பொடக்காலிக்குப் போயின. தொலைக்காட்சி எங்கே என்பதைப் பிளக்குப் பொத்தலும் கேபிள் கம்பியும் முடிவுசெய்ய, நாற்காலிகள் எல்லாம் அதன் பக்கம் திரும்பின.

பழைய பொருள்கள் தொங்கின, சுருண்டன, சாய்ந்தன. புதிய பொருள்கள் தரையில் நிற்கின்றன. இந்த ஒரு வேறுபாட்டின் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அரசுத் திட்டமாக 2011-இல் அறிவிக்கப்பட்ட பசுமை வீட்டின் பரப்பு 300 சதுர அடி. 2024-இல் வந்த கலைஞர் கனவு இல்லத்தின் பரப்பு 360 சதுர அடி. ஆறடிக்கு ஐந்தடி கட்டில் ஒன்று 30 சதுர அடியைப் பிடிக்கும். பசுமை வீட்டில் அது பத்தில் ஒரு பங்கு. அதுவும் இரவில் எட்டு மணி நேரப் பயனுக்காகப் பகல் முழுதும் அடைத்துக்கொள்ளும் இடம். பாய் விரித்த காலத்தில் ஒரே அறை காலையில் வேலைக்கூடமாகவும் மதியம் உண்ணும் இடமாகவும் மாலையில் பேசும் இடமாகவும் இரவில் படுக்கையறையாகவும் மாறிவந்தது. நின்ற பொருள்கள் அந்த மாற்றத்தை நிறுத்திவிட்டன. இடம் போதவில்லை என்ற இன்றைய முறையீட்டில் பாதி, சுவர்களைப் பற்றியதன்று. நேரத்தைப் பங்கிடத் தெரிந்திருந்த ஒரு முறையின் இழப்பைப் பற்றியது.

மறுப்புகளும் விடைகளும்

இவ்வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, பழைய வீட்டை இது மிகைப்படப் புகழ்கிறது என்பது. இதில் உண்மை உண்டு. தறியறையில் பஞ்சுத்தூசி பறந்தது. தார் சுற்றிய பெண்ணுக்குத் தனிக்கூலி கிடையாது. புகையடைந்த சமையலறையில் குனிந்தே அவள் வாழ்நாள் கழிந்தது. யார் திண்ணைவரை, யார் ஆசாரம்வரை என்று சாதி எல்லை போட்டது. முதிர்ந்தவருக்கு மூட்டுவலி வந்தால் பாயைவிடக் கட்டிலே மேல். இவற்றுள் எதையும் மீட்க இக்கட்டுரை கேட்கவில்லை. வேலையைக் கொண்டு இடத்தை வகுத்தல் என்ற நெறியை, அது அன்று சுமந்திருந்த அநீதியிலிருந்து பிரித்தெடுக்க முடியும். 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை அதைத்தான் முயன்றது: சமைப்பவரின் ஒவ்வோர் அசைவையும் அளந்து, எட்டாத பொருளைக் கைக்கெட்டும் இடத்துக்குக் கொண்டுவந்தது. இன்று கடைகளில் விற்கும் மாடுலர் சமையலறை அதன் வழிவந்ததே. ஆனால் ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அந்தச் சிறிய அறை, பெண்ணைத் தனிமைப்படுத்திற்று என்ற விமர்சனமும் பின்னர் எழுந்தது. வேலையை அளப்பவர், அதை யார் யார் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு, பொருள் குறைவாக இருந்ததால் ஒழுங்கு எளிதாக இருந்தது என்பது. நெசவு வீட்டுக்கு இது பொருந்தாது. நூற்சிப்பங்கள், அச்சு, விழுது, தார்க்குச்சி, ராட்டை, சாயமேற்றிய நூல் காயும் மூங்கில்கள் எனச் சாமான் நிறைந்திருந்த அறையில்தான் குடும்பமும் வாழ்ந்தது. ஒழுங்குக்குக் காரணம் பொருளின் குறைவு அன்று. ஒவ்வொன்றும் இன்ன வேளையில் இன்ன கைக்கு வேண்டும் என்ற தெளிவுதான்.

மூன்றாவது மறுப்பு மிக வலுவானது: ஷோகேஸும் சோபாவும் வெறும் ஆடம்பரம் அல்ல, மரியாதையின் அடையாளம், தலைமுறைகளாகத் தரையிலேயே உட்கார வைக்கப்பட்டவர்களுக்கு நாற்காலி ஓர் உரிமை. இதை முழுமையாக ஏற்கத்தான் வேண்டும். பெருமையைக் காட்டுவதும் வீட்டின் வேலைகளுள் ஒன்றே. பழைய வீட்டில் திண்ணைத் தூணும் நிலைக்கதவுச் சிற்பமும் அதைச் செய்தன. அந்த வேலைக்கும் ஓர் இடம் ஒதுக்குவது நியாயம். பிற வேலைகளின் இடத்தையெல்லாம் அது எடுத்துக்கொள்வதுதான் சிக்கல். அமெரிக்காவில் 1970-களில் வீடு விற்பதற்காக வளர்ந்த அலங்கார முறையைக் கண்மூடி ஏற்பதும் இந்த வகையிலேயே பிழையாகிறது. வாங்கவரும் அந்நியரின் கண்ணுக்காக வீட்டாரின் தடயத்தை அழிப்பது அதன் நோக்கம். பிள்ளைகள் காலம்வரை இருப்பதற்கென்றே வீடு கட்டும் ஆட்டையாம்பட்டிக் குடும்பம், இல்லாத வாங்குநருக்காக ஏன் தன் வீட்டைக் காலிசெய்ய வேண்டும்?

முடிவுரை

வரலாறு இரண்டு காரணங்களைக் காட்டுகிறது: இடத்தைச் சொல்லிவந்த வேலை வீட்டைவிட்டுப் போனது, சிறியவையாகவும் திருத்தக்கூடியவையாகவும் இருந்த முடிவுகள் பெரியவையாகவும் மாற்ற முடியாதவையாகவும் ஆயின. ஆகவே தீர்வும் இவ்விரண்டையும் தொட வேண்டும். தயங்குபவர் முதலில் எழுத வேண்டியது வாங்கும் பட்டியலை அல்ல, வீட்டில் காலைமுதல் இரவுவரை நடக்கும் வேலைகளை: பிள்ளை படிப்பது, பெரியவர் படுப்பது, துணி மடிப்பது, சமைப்பது, விருந்தினரை உட்காரவைப்பது. ஒவ்வொன்றுக்கும் வெளிச்சமும் இடமும் எங்கே கிடைக்கும் என்று பார்த்து, அதற்குரிய பொருளை அங்கேயே கைக்கெட்டும் உயரத்தில் வைக்க வேண்டும். கட்டிலோ சோபாவோ வாங்குமுன் அதன் அளவைக் கோலமாவால் தரையில் வரைந்து, சில நாள் அதைச் சுற்றி நடந்து பார்க்கலாம். இடறினால் அழித்துவிடலாம், பணம் போகாது. முதல் ஆண்டில் சுவரோடு எதையும் அடிக்காமல், மடக்கக்கூடியதும் நகர்த்தக்கூடியதுமான சாமான்களோடு வாழ்ந்து பார்ப்பது நல்லது. வண்ணத்தை ஒரு சுவரில் தொடங்கலாம். பெருமைக்குரியவற்றுக்கு ஓர் அலமாரி ஒதுக்கி, அது நிறைந்தபின் புதியது வந்தால் பழையது ஒன்று இடம்விட வேண்டும். எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வியை ஆயுத பூசைக்கும் பொங்கலுக்கும் ஒத்திவைத்து, அந்த இரு நாள்களிலும் தவறாமல் கேட்க வேண்டும்.

இவற்றுக்குச் செலவு குறைவு, தனித்திறமையும் தேவையில்லை. அரசு வீடு கட்டித்தரும்போதும் இந்நெறியைக் கருத வேண்டும். 360 சதுர அடியில் சுவர்மாடமும் பரணும் கூரைக் கொக்கியும் சேர்த்துக் கட்டினால், தரை மிஞ்சும். முறுக்குச் சுற்றவோ பிள்ளை படிக்கவோ அது உதவும். வீட்டை அழகாக்கும் அறிவு இச்சமவெளி மக்களிடம் ஒருபோதும் குறைந்ததில்லை. அந்த அறிவு தறியோடும் பண்டிகையோடும் பிணைந்திருந்ததால், தறி போனபோது அதுவும் போய்விட்டதாக நாம் எண்ணிவிட்டோம். வீட்டில் வேலைகள் இன்னும் நடக்கின்றன. தையும் ஆண்டுதோறும் வருகிறது. எனவே தயங்குகிற குடும்பம் வெளியாரின் ரசனையைக் கடன்வாங்க வேண்டியதில்லை. தன் நாளின் வேலைகளைப் பார்த்து, திருத்தக்கூடிய ஒரு சிறு முடிவோடு தொடங்கினால் போதும்.