நடுவில் நின்ற ஒரு சொல்

ஜூன் மாதம் பிறந்ததும் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரின் அறை வாயிலில் பெற்றோர் வந்து நிற்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் நான் பணியாற்றிய காலமெல்லாம் ஆண்டு தவறாமல் கண்ட காட்சி இது. வாழைத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிவிட்டு வந்த உழவரும் இருப்பார். ஏலத் தோட்ட வேலைக்கு மலையேறும் தாயும் இருப்பார். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: "ஐயா, இங்கே என்ன மீடியம்?"

ஒருமுறை ஒரு தாயிடம் நான் திருப்பிக் கேட்டேன்: "மீடியம் என்றால் என்ன பொருள் அம்மா?" அவர் சற்றே நாணத்துடன், "அது தெரியாதுங்கய்யா, ஆனா அதுலதான் எல்லாம் இருக்குன்னு சொல்றாங்க" என்றார். அந்த விடையை நான் நெடுநாள் எண்ணிப் பார்த்ததுண்டு. பொருள் தெரியாத ஒரு சொல்லின் கையில் தம் பிள்ளையின் எதிர்காலம் இருப்பதாக ஒரு தாய் நம்புகிறார் என்றால், அச்சொல்லின் வரலாற்றை அறிந்துகொள்வது நம் கடமையாகிறது அல்லவா? மாணவ நண்பர்களே, இன்று அதனையே உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

'மீடியம்' என்பது இலத்தீன் மொழிச் சொல். அதன் நேர்ப்பொருள் 'நடு' என்பதே. ஆங்கிலேயருக்கு நடுவைக் குறிக்கத் தம் சொந்தச் சொல்லாகிய 'மிடில்' இருந்தது. வீட்டிலும் வீதியிலும் அவர்கள் அதையே வழங்கினர். ஆனால் கல்வி, அறிவியல், அரசாங்கம் ஆகியவற்றைப் பற்றி எழுதும்போது இலத்தீனிலிருந்து கடன் வாங்குவது அவர்தம் வழக்கம். அவ்வாறு பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல் ஆங்கிலத்தில் குடிபுகுந்தது. முதலில் வெறும் நடுவைக் குறித்த அது, பின்னர், நடுவில் நின்று ஒன்றை மற்றொன்றிடம் சேர்ப்பிக்கும் பொருளையும் குறிக்கலாயிற்று. ஒலிக்குக் காற்று மீடியம். ஒளிக்கு நீரும் கண்ணாடியும் மீடியம். கருத்துக்கு மொழி மீடியம்.

இச்சொல்லின் உறவினர் பலரை நீங்கள் அறிவீர்கள். நில நூலிலே வரும் மத்தியதரைக் கடல், 'நிலங்களின் நடுவே உள்ள கடல்' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரின் மொழிபெயர்ப்பு. வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து உங்கள் பாட்டனார் கேட்ட 'மத்திய அலை' என்னும் அறிவிப்பும் அவ்வாறே. நெட்டலைக்கும் சிற்றலைக்கும் நடுவிலுள்ள அலைவரிசை அது. சென்னையில் 1938ஆம் ஆண்டிலும் திருச்சிராப்பள்ளியில் 1939ஆம் ஆண்டிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தோன்றிய நாள்தொட்டு அச்சொல் தமிழ் வீடுகளில் ஒலித்தது.

இனி, நம் நாட்டில் கல்வியின் நடுவே இச்சொல் எவ்வாறு வந்து நின்றது என்பதைப் பார்ப்போம்.

ஐரோப்பியர் வணிகம் செய்ய வந்தபோது, இரு சாராருக்கும் இடையே நின்று பேச ஒருவர் தேவைப்பட்டார். இரு மொழி வல்ல அவரைத் துபாஷி என்றனர். புதுச்சேரியில் துய்ப்ளேக்சிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பால் வரலாற்றில் நிலைபெற்றார். அன்று நடுவில் நின்றவர் ஒரு தனி மனிதர். பிறகு நாடே ஆங்கிலேயர் ஆட்சிக்கு வந்தபோது, சில துபாஷிகள் போதவில்லை; ஒரு வகுப்பே தேவையாயிற்று.

1835ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மெக்காலே தம் புகழ்பெற்ற கல்விக் குறிப்பை எழுதினார். மக்கள் அனைவருக்கும் கல்வி புகட்ட அரசாங்கத்திடம் பொருள் இல்லை. ஆதலின் ஆள்வோருக்கும் ஆளப்படும் கோடிக்கணக்கானோருக்கும் இடையே நின்று பொருள் விளக்கும் ஒரு வகுப்பாரை ஆங்கிலத்தின் வாயிலாக உருவாக்குவோம் என்பது அவர் கருத்து. இப்பகுதியைப் பலரும் எடுத்துக் காட்டுவர். ஆனால் அதனை அடுத்து அவர் எழுதிய பகுதியைப் பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர். அவ்வாறு கற்ற வகுப்பார், நாட்டு மொழிகளைச் செம்மை செய்து, அறிவியற் சொற்களால் வளப்படுத்தி, பொதுமக்களிடம் அறிவைக் கொண்டு சேர்க்கத் தக்க கருவிகளாக ஆக்குவர் என்றும் அவர் எழுதினார். 1854ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து வந்த சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கையும் ஏறக்குறைய இதையே கூறிற்று. உயர்கல்விக்கு ஆங்கிலம், பொதுமக்கள் கல்விக்குத் தாய்மொழி. இரண்டும் சேர்ந்தே அறிவைப் பரப்ப வேண்டும் என்பது அதன் முடிவு.

ஆகவே, நடுவில் நிறுத்தப்பட்டவர்களுக்கு ஒரு கடன் இருந்தது. பெற்றதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல் அடுத்தவரிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்பதே அக்கடன். அதை அவர்கள் செலுத்தினார்களா?

1857ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. தேர்வுகள் ஆங்கிலத்தில் நடந்தன. இருபதாம் நூற்றாண்டில் பள்ளிக்கும் பட்டத்துக்கும் நடுவே நின்ற ஈராண்டு வகுப்புக்கு 'இண்டர்மீடியட்' என்று பெயர். அதிலும் அதே நடு ஒளிந்திருப்பதைக் காணலாம். என் இளமையில் எங்கள் பள்ளத்தாக்கின் முதியோர் "அவர் இண்டர் படித்தவர்" என்று ஒருவரைச் சுட்டிக் காட்டுவர். அக்குரலில் தனி மதிப்பு இருக்கும். ஏனெனில் அப்படிப்பிற்காக இளைஞர்கள் மதுரை முதலிய வெளியூர்களுக்குச் செல்லவேண்டியிருந்தது. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956ஆம் ஆண்டில் தோன்றிய பின்னரே உயர்கல்வி பள்ளத்தாக்கினுள் காலடி வைத்தது. படித்தவர் பலர் பதவி பெற்று நகரங்களில் தங்கினர். அவர்கள் கற்றது ஊருக்குத் திரும்பி வந்தது குறைவு.

ஆனால் கடனைச் செலுத்தியவர்களும் உண்டு. அவர்களுள் முதலில் வைத்து எண்ணத் தக்கவர் தமிழர் அல்லர். 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவர் அவர். மானிப்பாயில் இருந்துகொண்டு தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். அவ்வாறு கற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றதையும், கிராமங்கள் மருத்துவரின்றியே இருந்ததையும் கண்டார். தாமே தமிழ் பயின்றார், உடற்கூறு முதலிய துறைகளின் நூல்களைத் தமிழில் ஆக்கினார், கலைச்சொற்களைத் திரட்டினார், 1864ஆம் ஆண்டு முதல் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். தமிழில் அறிவியல் இயலுமா என்ற வினாவுக்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே செயலால் விடை கூறிய பெருமகன் அவர்.

தமிழகத்தில், 1916ஆம் ஆண்டில் சேலத்தில் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென ஒரு சங்கம் தோன்றியது. அப்பொழுது அந்நகரில் வழக்கறிஞராக இருந்த இராஜாஜி அதில் முன்னின்றார்; பின்னாளில் 'திண்ணை ரசாயனம்' என்று பெயரிட்டு வேதியியலைத் திண்ணைக்கே கொணர்ந்தவரும் அவரே. 1930களின் இறுதியில் உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிவழிக் கற்பித்தல் வலுப்பெற்றது. 1960ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் அரசினர் கலைக் கல்லூரியில் பட்ட வகுப்புத் தமிழில் தொடங்கிற்று. 2010ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியற் பாடங்கள் சிலவும் தமிழுக்கு வந்தன. தமிழ்வழிப் படித்தோருக்கு அரசுப் பணியில் நூற்றுக்கு இருபது இடம் முன்னுரிமை அளிக்கும் சட்டமும் அவ்வாண்டிலேயே பிறந்தது.

இவ்வளவும் ஏட்டு வரலாறு. என் வாழ்விலே இச்சொல் என்ன செய்தது என்பதையும் கூறுகின்றேன்.

1976ஆம் ஆண்டு. பள்ளி இறுதி வகுப்பு வரை தமிழில் படித்த நான் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். இயற்பியல் விரிவுரையாளர் ஆங்கிலத்தில் பாடம் நடத்தினார். ஒளி ஒரு மீடியத்திலிருந்து மற்றொரு மீடியத்துக்குச் செல்லும்போது வளைகிறது என்றார். நான் அறிந்த மீடியங்கள் இரண்டே: தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம். ஒளி எவ்வாறு தமிழ் மீடியத்திலிருந்து இங்கிலீஷ் மீடியத்துக்குச் செல்லும் என்று திகைத்து உட்கார்ந்திருந்தேன். சிரிக்காதீர்கள், அல்லது சிரித்துவிட்டு மேலே கேளுங்கள்.

ஒளிவிலகலை நான் அறியாதவன் அல்லேன். எங்கள் பள்ளி ஆசிரியர் வெண்கலக் கும்பாவில் ஒரு காசை இட்டு, அது கண்ணுக்கு மறையும் தொலைவில் எங்களை நிறுத்தி, பின்பு மெல்ல நீர் வார்ப்பார். மறைந்த காசு மேலெழுந்து தோன்றும். ஊடகம் மாறும்போது ஒளி விலகுகிறது என்பதை அன்றே நான் கண்ணாரக் கண்டிருந்தேன். 'மீடியம்' என்பது அந்த 'ஊடகம்'தான் என்று எவரேனும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எவரும் சொல்லவில்லை, கேட்க எனக்கும் துணிவில்லை. அவ்வாண்டின் முதல் தேர்வில் இயற்பியலில் தோற்றேன். என் அருகில் அமர்ந்திருந்த, என்னினும் கூரிய அறிவுடைய பள்ளத்தாக்கு மாணவர் ஒருவர், தமக்குப் படிப்பு வராது என்று தாமே தீர்ப்பெழுதிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். அவருக்கு வராதது படிப்பு அன்று, சில சொற்கள். நான் ஆசிரியப் பயிற்சிக்குச் செல்ல முடிவு செய்தது அவரை நினைத்துத்தான்.

நம் முன்னோர் இச்சொல்லைத் தமிழாக்கிய முறை எண்ணி மகிழத் தக்கது. அறிவியலில் 'ஊடகம்' என்றனர். 'ஊடு' என்றால் நடு, உள், இடை. தென்னைக்கும் வாழைக்கும் நடுவே இடும் பயிரை நம் உழவர் ஊடுபயிர் என்பது நீங்கள் அறிந்ததே. இன்று செய்தித்தாளையும் தொலைக்காட்சியையும் குறிப்பதும் அதே ஊடகமே. கல்வியிலோ, நாம் 'நடு' என்று மொழிபெயர்க்கவில்லை. தமிழ்வழி, ஆங்கிலவழி என்றோம். இலங்கைத் தமிழர் தமிழ்மூலம், ஆங்கிலமூலம் என்றனர். வழி என்பது நடந்து செல்வதற்கு உரியது. அங்கேயே நின்றுவிடுவதற்கு உரியது அன்று.

எனினும், தாய்மொழிவழி என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என நான் கூற மாட்டேன். எங்கள் பள்ளத்தாக்கே எனக்கு அதைக் கற்பித்தது. இங்கே வீட்டில் கன்னடம் பேசும் குடும்பங்கள் உண்டு. தெலுங்கு பேசும் குடும்பங்கள் உண்டு. குமுளிக் கணவாயைக் கடந்தால் மலையாளம். ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி வாய் திறவாதிருந்தாள். மந்தமானவள் என்று எண்ணிவிட்டேன். பின்னர்த்தான் அவள் வீட்டுமொழி கன்னடம் என்பதும், பாடநூலின் செந்தமிழ் அவளுக்குத் தொலைவிலிருந்தது என்பதும் தெரிந்தது. அவள் மொழியறிந்த மாணவி ஒருத்தியை அருகில் அமர்த்தினேன். ஒரு பருவத்துக்குள் அவள் கேள்வி கேட்கத் தொடங்கினாள். விரிவுரையாளர் எனக்குச் செய்யாததை நானும் அச்சிறுமிக்குச் செய்யாமலேதான் இருந்தேன் என்று அன்று வெட்கினேன். எந்த மொழியில் பாடம் நடந்தாலும், நடுவில் நிற்கும் பொறுப்பு ஆசிரியனுடையது.

2012ஆம் ஆண்டுக்குப் பின் அரசுப் பள்ளிகள் பலவற்றிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் தோன்றின. ஆங்கிலத்தை நான் வெறுப்பவன் அல்லேன். உலக நூல்களைக் காட்டிய அம்மொழிக்கு நன்றியுடையேன். அதைக் கற்பது வேறு. பொருள் அறியாது அதில் மனப்பாடம் செய்வது வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதுதான் கேடு.

1895ஆம் ஆண்டில் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியது. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த நீர் அது. அச்சுரங்கத்தின் நீளம் ஒரு மைலுக்குச் சற்று மேல். கூடலூரிலும் கம்பத்திலும் வயல்கள் பசுமையாய் இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் எங்கள் உழவர் அச்சுரங்கத்தை மதிப்பிடுவர். குடைந்த கல்லின் அழகைப் பார்த்து அன்று.

மாணவர்களே, பொருள் விளங்காத சொல் வரும்போது எழுந்து நின்று கேளுங்கள். அன்று நான் கேட்கவில்லை. விளங்கியதை அருகிலிருப்பவருக்குச் சொல்லுங்கள். என் வாயிலில் நின்ற அந்தத் தாய்க்கு நான் இறுதியில் கூறிய விடையையே உங்களுக்கும் கூறி முடிக்கின்றேன்: "அம்மா, மீடியம் என்றால் நடுவில் இருப்பது. மாலையில் பிள்ளை வீட்டுக்கு வந்ததும், இன்று என்ன படித்தாய் என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி அவன் சொன்னால், பள்ளிக்கூடம் தன் வேலையைச் செய்திருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்."