ஒரு கேள்வியின் கிரிவலம்

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, ஒரு அம்மா கைப்பேசியில் அறநிலையத்துறை இணையதளத்தின் பெயரைத் தட்டுகிறார். 14 கிலோமீட்டர் பாதையில் அவருக்குப் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. அவர் தட்டிய பெயருக்கு இப்போதுதான் வலம் தொடங்குகிறது.

கணினிகள் ஒன்றையொன்று எண்ணால்தான் அறியும். அதனால் பக்கம் திறக்குமுன் ஒரு சின்னக் கேள்வி கிளம்புகிறது: இந்தப் பெயருக்கு எண் என்ன? 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த டிஎன்எஸ் முறை இது.

கேள்வி முதலில் போய் நிற்பது, பெயருக்கு எண்ணைத் தேடித் தரும் கணினியான ரிசால்வரின் வாசலில். பெரும்பாலும் அது சிம் கொடுத்த நிறுவனத்தினுடையது. விடை நினைவில் இருந்தால் உடனே சொல்லிவிடும். இல்லாவிட்டால் பெயரைக் கடைசியிலிருந்து படித்துக்கொண்டு கிளம்பும். மூல சர்வர், 'இன்' என்று முடிவதைப் பார்த்து இந்தியப் பதிவகத்தைக் கைகாட்டும். அங்கிருந்து 'கவ் டாட் இன்', பிறகு தமிழக அரசின் பெயர்கள். எண் கிடைத்ததும், கண் இமைப்பதற்குள், புறப்பட்ட கைக்கே விடை வந்து சேரும்.

இந்த வலத்தில் கேட்டவரையும் கேள்வியையும் சேர்த்து அறிவது ரிசால்வர்தான். எந்த மருத்துவமனை, எந்த வங்கி, எந்த நேரம் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். விடையை மறைக்கவும் முடியும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின்படி தடை உத்தரவு வந்தால், இணைய நிறுவனங்கள் பல நேரம் இங்கேதான் பூட்டுப் போடுகின்றன. 2014-இல் துருக்கி அரசு ட்விட்டரை இப்படித் தடுத்தபோது, மக்கள் தடையைத் தாண்ட, மாற்று வழியாகக் கூகுள் ரிசால்வரின் 8.8.8.8 என்ற எண்ணைச் சுவரில் எழுதிப் பரப்பினார்கள்.

இன்று அரசுகளே எவரும் பயன்படுத்தக்கூடிய பொது ரிசால்வர்களை நடத்தவும் ஆதரிக்கவும் செய்கின்றன. நம் தேசியத் தகவலியல் மையத்தினுடையது 1.10.10.10. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவில் அப்படியொரு சேவை 2025 ஜூனில் வந்தது. நாட்டு மக்களின் கேள்விகள் எல்லாம் ஒருசில வெளிநாட்டு நிறுவனங்களிடமே போய்ச் சேர வேண்டியதில்லை. அந்த வகையில் இது நல்ல முயற்சி.

கிரிவலப் பாதையில் தண்ணீர்ப் பந்தல் வைப்பவர் குடிப்பவரின் பேரைக் குறித்துக்கொள்வதில்லை. பக்கத்துப் பந்தலை மூடச் சொல்வதுமில்லை. அரசு ரிசால்வரும் அப்படியே இருக்கட்டும். எதைப் பதிவு செய்கிறது, எத்தனை நாள் வைத்திருக்கிறது, எதைத் தடுக்கிறது என்பதை மக்கள் அறிய எழுதி வைக்கட்டும். விரும்பியவர் வரட்டும், யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம்.